கருவாட்டு வியாபாரத்துக்கு மூன்று வருடத் திட்டம்: பாதியில் விடாமல் நடத்துவது எப்படி?

திட்டம் போடுவது ஒரு சாயங்கால வேலை. அதை மூன்று வருடம் உயிரோடு வைத்திருப்பதுதான் பாடு.

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கம் ஜனவரி முதல் டிசம்பர் என்ற கணக்கு ஒத்துவராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயிலை நம்ப முடியாது. அதனால் ஆண்டுக் கணக்கை ஜூன் 15-இல் தொடங்குங்கள். தடைக்காலத்தில் உட்கார்ந்து திட்டத்தைத் திருத்துங்கள்.

ஒரே தாள், மூன்றே இலக்கு. உதாரணமாக, மணலில் காயப்போடுவதை விட்டு உயரமான வலைப் பரணுக்கு மாறுவது. ஒவ்வொன்றுக்கும் ஆள், தொகை, தேதி எழுதுங்கள். ஆள் பெயர் இல்லாத இலக்கு நடக்காது.

பெரும்பாலும் திட்டம் சாவது பணத்தில்தான். நல்ல சீசன் லாபம் கல்யாணச் செலவுக்கோ புது வண்டிக்கோ போய்விடும். தனி வங்கிக் கணக்கு தொடங்கி, விற்பனையில் நூற்றுக்கு 5 ரூபாய் அன்றன்றே போடுங்கள். முதலில் இரண்டு மாத வாடகை, கூலி, வட்டி சேரட்டும். அதற்குமேல் சேர்வதுதான் திட்டப் பணம்.

மாதம் ஒருமுறை மூன்று எண்களைப் பாருங்கள்: கிலோ அடக்கவிலை, வசூலாகாத பாக்கி, 100 கிலோ பச்சை நெத்திலி காய்ந்தபின் நிற்கும் எடை. எடை வழக்கத்தைவிடக் கூடினால் சந்தோஷப்படாதீர்கள். ஈரம் நிற்கிறது, பூஞ்சை பிடித்துச் சரக்கு திரும்பி வரும்.

இரண்டு சீசன் தவறிய இலக்குக்குத் தேதியை மட்டும் தள்ளாதீர்கள். இலக்கைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள், இல்லையேல் தாளிலிருந்தே அடித்துவிடுங்கள்.