பில்ட் தோற்றால் முதலில் யாரைக் கேட்பது? எம்பெடெட் சி நிரலில் லிங்கர் பிழைகளைத் தீர்க்கும் முறை

பில்ட் (எழுதிய நிரலைச் சிப்பில் ஓடும் கோப்பாக மாற்றும் வேலை) தோற்றவுடன் பிழைச்செய்தியை இணையத்தில் தேடி, கண்ணில் பட்ட தீர்வையெல்லாம் பில்டின் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலில் ஒட்டிப் பார்ப்பது புதியவர்களின் வழக்கம். அதற்கு முன் ஒரு கேள்வி: இந்தச் செய்தியைச் சொன்னது கம்பைலரா, லிங்கரா?

கம்பைலர் ஒரு நேரத்தில் ஒரு சி கோப்பைத்தான் பார்க்கும். பக்கத்துக் கோப்பில் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஃபங்ஷன்களை அறிவிக்கும் ஹெடர் கோப்பில் சொன்னதை அப்படியே நம்பி, இயந்திரக் குறியீடு கொண்ட ஆப்ஜெக்ட் கோப்பை (‘.ஓ’) எழுதிக் கொடுத்துவிடும். லிங்கருக்கோ சி மொழியே தெரியாது. எந்தப் பெயர் எங்கே தேவைப்படுகிறது, எங்கே வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து ஜோடி சேர்த்து முகவரி கொடுப்பதே அதன் வேலை. லிங்கர் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஜோடி சேராததால் வருபவைதான்.

படி 1: முதல் பிழையைப் படியுங்கள்

கடைசியில் வரும் ‘கலெக்ட்2: எரர்: எல்டி ரிட்டர்ன்ட் 1 எக்ஸிட் ஸ்டேட்டஸ்’ என்ற வரியில் ஒரு தகவலும் இல்லை. லிங்கர் தோற்றது என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை. மேலே போய் முதல் பிழையைப் பாருங்கள். அந்த வரியில் ‘எல்டி’ என்றோ, ‘.ஓ’ என முடியும் கோப்புப் பெயரோ இருந்தால் அது லிங்கரின் பேச்சு. பிறகு ஒருமுறை ‘கிளீன்’ செய்து முழுவதையும் மீண்டும் பில்ட் செய்யுங்கள். ஹெடரை மாற்றியும் பழைய ஆப்ஜெக்ட் கோப்பு அப்படியே தங்கிவிட்டதால் வரும் பிழைகள் இதிலேயே மறைந்துவிடும்.

படி 2: ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’

அடிக்கடி வருவது இதுதான்; நிதானமாகப் பார்க்க வேண்டியதும் இதுதான். மெயின்.சி கோப்பில் ‘சென்சார்_இனிட்’ என்ற ஃபங்ஷனை அழைக்கிறீர்கள், அது கிடைக்கவில்லை என்று லிங்கர் சொல்கிறது என்று கொள்வோம். உடனே ஹெடரைத் திருத்தப் போகாதீர்கள். ஹெடர் இல்லையென்றால் கம்பைலரே குரல் கொடுத்திருக்கும். டூல்செயினுடன் (கம்பைலர், லிங்கர் அடங்கிய தொகுப்பு) வரும், ஆப்ஜெக்ட் கோப்பிலுள்ள பெயர்களைப் பட்டியலிடும் ‘என்எம்’ கருவியை எடுங்கள் (ஆர்ம் சிப் என்றால் ‘ஆர்ம்-நன்-இஏபிஐ-என்எம்’). அதை மெயின்.ஓ, சென்சார்.ஓ இரண்டின்மீதும் ஓட்டுங்கள்.

மெயின்.ஓ பட்டியலில் அந்தப் பெயருக்கு முன்னால் ‘யூ’ என்ற எழுத்து இருக்கும்: தேவை, ஆனால் இங்கே இல்லை என்று பொருள். சென்சார்.ஓ பட்டியலில் அதே பெயர் எப்படி வருகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. பெரிய எழுத்து ‘டி’ (T) இருந்தால் ஃபங்ஷன் நன்றாகவே இருக்கிறது, சென்சார்.ஓ கோப்பை லிங்கருக்கு யாரும் கொடுக்கவில்லை. மேக்ஃபைலின் பட்டியலில் அதைச் சேர்த்தால் வேலை முடிந்தது. சிறிய எழுத்து ‘டி’ (t) இருந்தால் அதை ‘ஸ்டாடிக்’ என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கோப்புக்கு வெளியே தெரியாது. பெயரே இல்லையென்றால் எழுத்துப்பிழை, அல்லது ஏதோ ஒரு ‘இஃப்டெஃப்’ நிபந்தனை அந்தப் பகுதியையே நீக்கியிருக்கிறது. பெயருக்கு முன் ‘_இசட்11’ என்ற ஒட்டு இருந்தால் அந்தக் கோப்பு சி++ ஆகக் கம்பைல் ஆகியிருக்கிறது. 11 என்பது ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் எழுத்து எண்ணிக்கை. ஹெடரில் ‘எக்ஸ்டெர்ன் சி’ போட்டால் சரியாகும்.

இன்னொன்று ஆளைக் குழப்பும். ஆப்டிமைசேஷனுடன் (கம்பைலர் நிரலை மேம்படுத்தும் வசதி) பில்ட் ஆகிற நிரல், அதை அணைத்தால் லிங்க் ஆகாது. ஹெடரில் ‘இன்லைன்’ என்று மட்டும் எழுதிய ஃபங்ஷன் இருக்கிறதா பாருங்கள். சி99 விதிப்படி அது தனியாக ஒரு வரையறையைத் தருவதில்லை. ‘ஸ்டாடிக் இன்லைன்’ என்று மாற்றுங்கள்.

நீங்கள் எழுதாத பெயர்களும் வரலாம்: ‘_எஸ்பிஆர்கே’, ‘_ரைட்’, ‘_எக்ஸிட்’. இவை நியூலிப் என்ற சி லைப்ரரி இயங்குதளத்திடம் எதிர்பார்க்கும் சேவைகள். சிப்பில் இயங்குதளம் இல்லாததால் தருவதற்கு ஆளில்லை. லிங்கர் கட்டளையில் ‘--ஸ்பெக்ஸ்=நோசிஸ்.ஸ்பெக்ஸ்’ சேர்த்தால் பிழை போய்விடும். ஆனால் அது கொடுப்பது வெறும் போலி ஃபங்ஷன்களை. பிரிண்ட்எஃப் எதையும் அச்சிடாது. அச்சு வேண்டுமானால் யுஆர்ட் (சிப்பின் தொடர் தகவல் இணைப்பு) வழியாக பைட்டுகளை அனுப்பும் ‘_ரைட்’ ஃபங்ஷனை நீங்களே எழுத வேண்டும்.

லைப்ரரிகளின் வரிசையும் முக்கியம். லிங்கர் இடமிருந்து வலமாகப் படிக்கும். ஒரு ஸ்டாடிக் லைப்ரரியைத் தொடும்போது அதுவரை தேவைப்பட்டதை மட்டுமே அதிலிருந்து எடுக்கும். ஆகவே கணித லைப்ரரியைச் சேர்க்கும் ‘-எல்எம்’ ஆப்ஜெக்ட் கோப்புகளுக்குப் பின்னால்தான் வர வேண்டும்.

படி 3: ‘மல்டிபிள் டெஃபினிஷன்’

பெரும்பாலும் ஹெடரில் ஒரு மாறியை வரையறுத்திருப்பீர்கள். அந்த ஹெடரைச் சேர்க்கும் ஒவ்வொரு சி கோப்பிலும் அந்த மாறி ஒருமுறை பிறக்கிறது. ‘இஃப்என்டெஃப்’ காவல் இதைத் தடுக்காது. அது ஒரே சி கோப்புக்குள் ஹெடர் இருமுறை வருவதைத்தான் தடுக்கும். முன்பு ஓடிய பழைய நிரல் இப்போது தோற்றால் ஆச்சரியப்பட வேண்டாம். தொடக்க மதிப்பு கொடுக்காத மாறிகளை ஒன்றாக்கிப் பொறுத்துக்கொண்டிருந்த ஜிசிசி, 2020இல் வந்த 10ஆம் பதிப்பில் இயல்பாகவே அதை நிறுத்திவிட்டது. ‘-எஃப்காமன்’ போட்டுப் பழைய பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஹெடரில் ‘எக்ஸ்டெர்ன்’ அறிவிப்பு, ஒரே ஒரு சி கோப்பில் வரையறை என்று மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

படி 4: இடம் போதவில்லை

‘ரீஜியன் ஃபிளாஷ் ஓவர்ஃப்ளோட்’ என்று வந்தால், நிரலைச் சுருக்குவதற்கு முன் லிங்கர் ஸ்கிரிப்டின் (எது எந்த முகவரியில் அமர வேண்டும் என்று லிங்கருக்குச் சொல்லும் கோப்பு) ‘மெமரி’ பகுதியைத் திறந்து பாருங்கள். எஸ்டிஎம்32எஃப்103சி8 சிப்பில் ஃபிளாஷ் 64 கேபி, ஹெக்ஸில் 08000000 முகவரியில் தொடங்கும். ரேம் 20 கேபி, 20000000இல் தொடங்கும். வேறு சிப்பின் ஸ்கிரிப்ட் ஒட்டிக்கொண்டிருந்தால் எவ்வளவு சுருக்கியும் பயனில்லை.

ஸ்கிரிப்ட் சரி என்றால் ‘-ஓஎஸ்’, ‘-எஃப்ஃபங்ஷன்-செக்‌ஷன்ஸ்’, ‘-எஃப்டேட்டா-செக்‌ஷன்ஸ்’ ஆகியவற்றைக் கம்பைலருக்கும், ‘--ஜிசி-செக்‌ஷன்ஸ்’ என்பதை லிங்கருக்கும் கொடுங்கள். பயன்படாத ஃபங்ஷன்கள் கழிந்துவிடும். ஆனால் வெக்டர் அட்டவணையை (இன்டரப்ட் வந்தால் ஓட வேண்டிய ஃபங்ஷன்களின் முகவரிப் பட்டியல்) நிரலில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஸ்கிரிப்டில் அதைக் கழிக்காதே என்று சொல்லும் ‘கீப்’ இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து கழிந்துவிடும். பில்ட் ஆனதும் ‘சைஸ்’ கருவியை ஓட்டுங்கள். டெக்ஸ்ட் (நிரல் குறியீடு), டேட்டா (தொடக்க மதிப்புள்ள மாறிகள்) இரண்டின் கூட்டுத்தொகை ஃபிளாஷில் அமரும். டேட்டா, பிஎஸ்எஸ் (தொடக்க மதிப்பு இல்லாத மாறிகள்) இரண்டின் கூட்டுத்தொகை ரேமில் அமரும். ஸ்டாக்குக்குத் தேவையான இடம் இந்தக் கணக்கில் வராது.

படி 5: பிழையே வராத பிழை

பில்ட் சுத்தமாக முடிகிறது, இன்டரப்ட் (வன்பொருள் நிரலை இடைமறித்து அழைப்பது) மட்டும் வேலை செய்யவில்லை. தொடக்கக் கோப்பில் ‘யுஸார்ட்1_ஐஆர்க்யூஹேண்ட்லர்’ போன்ற பெயர்கள் எல்லாம் ‘வீக்’ ஆக (அதே பெயரில் நீங்கள் எழுதினால் வழிவிடும் வகையில்), ‘டிஃபால்ட்_ஹேண்ட்லர்’ என்ற முடிவில்லாச் சுழலைச் சுட்டி வைக்கப்பட்டிருக்கும். நீங்கள் ‘யுஆர்ட்1_ஐஆர்க்யூஹேண்ட்லர்’ என்று எழுதினால், லிங்கருக்கு அது வேறொரு பெயர், அவ்வளவுதான். இரண்டு பெயர்களும் தனித்தனியே செல்லுபடியாகின்றன. அது ஏன் புகார் சொல்ல வேண்டும்?

லிங்கர் இறுதியாகத் தந்த எல்ஃப் கோப்பின்மீது (இணைக்கப்பட்ட முழு நிரல்) ‘என்எம்’ ஓட்டி, ஹேண்ட்லரின் பெயரைத் தேடுங்கள். முன்னால் ‘டி’ (T) இருந்தால் உங்களுடையது இணைந்திருக்கிறது. ‘டபிள்யூ’ இருந்து, முகவரியும் டிஃபால்ட்_ஹேண்ட்லரின் முகவரியாகவே இருந்தால் இணையவில்லை. சரியான பெயரை வெக்டர் அட்டவணையிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். கையால் தட்டச்சு செய்யாதீர்கள்.