புயலில் கரண்ட் போனால் ஜெனரேட்டரை எங்கே வைப்பது?

வெளிநாட்டுக்கு வந்தபின் இது உங்கள் முதல் புயல் பருவம் என்றால், அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டு நீங்களும் ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கியிருப்பீர்கள், அல்லது யாராவது இரவல் தந்திருப்பார்கள். அதை ஓட்டக் கற்றுக்கொள்வது பத்து நிமிட வேலை. எங்கே வைத்து ஓட்டுகிறோம் என்பதில்தான் வீட்டிலிருப்பவர்களின் உயிர் இருக்கிறது.

அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறம் கிடையாது, வாடையும் கிடையாது. புகை நாற்றம் அடிக்கவில்லையே என்று நம்பி இருந்துவிட முடியாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கைகால் தளர்ச்சி. ஃப்ளூ மாதிரியே இருக்கும், ஆனால் காய்ச்சல் இருக்காது. தூங்குகிறவருக்கு இதுகூடத் தெரியாது; விழிக்காமலே போய்விடலாம்.

அதனால் ஜெனரேட்டரின் இடம் வெளியேதான், வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர், அதாவது 20 அடி தள்ளி. நிதானமாக எட்டு ஒன்பது தப்படி நடந்தால் அந்தத் தூரம் வரும். புகைக்குழாய் உங்கள் வீட்டையும் பார்க்கக் கூடாது, பக்கத்து வீட்டு ஜன்னலையும் பார்க்கக் கூடாது.

எங்கள் முதல் புயலில் மழை சாய்த்து அடித்தது. மெஷின் நனைகிறதே என்று கராஜுக்குள் இழுத்து வைத்து, கதவைப் பாதி தூக்கிவிட்டு ஓட்டினோம். காற்றுதான் இவ்வளவு அடிக்கிறதே என்று நினைத்தோம். சின்னவள் "தலை வலிக்குது" என்றாள். ராத்திரி தூக்கம் கெட்டதால் என்று சொல்லி அவளைப் படுக்க வைத்தோம். கொஞ்ச நேரத்தில் மாடியில் அலாரம் அலறியது. வீட்டு உரிமையாளர் முன்பே மாட்டி வைத்திருந்த அலாரம் அது. அதுவரை அது எதற்கென்றே எங்களுக்குத் தெரியாது. போர்வையோடு அவளைத் தூக்கிக்கொண்டு மழையில் வந்து நின்றோம். கராஜ் கதவு முழுக்கத் திறந்திருந்தாலும் அந்த வாயு வீட்டுக்குள் வரும், தேங்கும் என்பதைத் தீயணைப்பு வீரர் அன்று பொறுமையாக விளக்கினார்.

ஆகவே ஜெனரேட்டருக்கு முன்னால் பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்குங்கள். புகை அலாரம் வேறு, இது வேறு. படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். அது ஒலித்தால் காரணம் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். எல்லோரும் வெளியே வந்து, அங்கிருந்தே அவசர எண்ணுக்கு அழையுங்கள். மெஷினை நிறுத்தவென்றுகூட உள்ளே திரும்பிப் போகாதீர்கள். அவசர எண்ணையும் உங்கள் முகவரியையும் அந்த நாட்டு மொழியில் எழுதிக் கதவருகே ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் தெருப் பெயர் வாயில் வராது.

மழைக்கு என்ன செய்வது? நாலு பக்கமும் திறந்த கூரை ஒன்றின் கீழே, தண்ணீர் தேங்காத மேட்டில் வையுங்கள். ஈரக் கையால் தொடாதீர்கள். அப்படி வைக்க வழியில்லை என்றால் மழை விடும்வரை ஓட்டாமலே இருப்பது மேல்.

வெளிப்புறப் பயன்பாட்டுக்கான, எர்த் உள்ள, தடித்த எக்ஸ்டென்ஷன் வயரையே பயன்படுத்துங்கள். சுருளை முழுதும் பிரித்துவிட வேண்டும். சுருட்டியபடி விட்டால் சூடேறும். கதவிடுக்கில் நசுங்கவும் விடாதீர்கள்.

இரண்டு முனையிலும் ஆண் பிளக் வைத்த வயரால் ஜெனரேட்டரைச் சுவர் சாக்கெட்டில் மாட்டும் குறுக்கு வழியை யாராவது சொல்லித் தருவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் கரண்ட் தெருவுக்குப் பின்னோக்கிப் போகும், டிரான்ஸ்ஃபார்மரில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறும். புயலில் அறுந்த கம்பியைச் சரிசெய்ய ஏறியிருக்கும் ஊழியர் அதைத் தொடுவார். வீட்டு வயரிங்கோடு இணைக்கவேண்டுமானால் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச், அதாவது வீட்டைத் தெருக் கம்பியிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் ஸ்விட்ச், பொருத்தித் தர வேண்டும். வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதமும் தேவை.

பெட்ரோல் தீர்ந்தால் நிறுத்தி, இன்ஜின் ஆறிய பிறகே ஊற்றுங்கள். சூடான இன்ஜினில் சிந்தினால் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் கேனை வீட்டுக்குள் வைக்க வேண்டாம்.

ராத்திரி முழுக்க ஓட்டவேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது. கதவைத் திறக்காவிட்டால் ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர் காக்கும்; நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். பகலில் விட்டுவிட்டு ஓட்டுங்கள், படுக்கும் முன் அணைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு வாட் இழுக்கும் என்பதால் அதை முதலில் ஓடவிட்டு, மற்றதை ஒவ்வொன்றாக மாட்டுங்கள். மூச்சுக் கருவி போல கரண்டை நம்பிய மருத்துவச் சாதனம் வீட்டில் இருந்தால், புயல் வருமுன்பே மருத்துவரிடமும் மின் நிறுவனத்திடமும் சொல்லி வையுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் பால்கனியில் வைத்து ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. உங்கள் ஜன்னல் அருகில், மேல்வீட்டு ஜன்னல் அதைவிட அருகில். குளிருக்காகக் கரி அடுப்பை உள்ளே மூட்டுவதும் இதே ஆபத்துதான். பவர் பேங்க், டார்ச், கூடுதல் பேட்டரி ஆகியவற்றை முதல் நாளே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். செல்போனையும் அன்றே முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.