பல மொழி மின்னஞ்சல்களை யூடிஎஃப்-8க்குக் கொண்டுவருவது எப்படி

ஏழெட்டு மொழிகளில் வந்து குவிந்திருந்த பழைய மின்னஞ்சல்களை யூடிஎஃப்-8 என்ற ஒரே குறியாக்கத்துக்கு (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறைக்கு)க் கொண்டுவரும் வேலை ஒருமுறை என் தலையில் விழுந்தது. அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் மாற்றிவிட்டேன். தமிழ்க் கடிதங்களைத் திறந்தால், தலையில் கீற்று வைத்த குட்டி 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு 'ஆர்', இப்படியே பக்கம் பக்கமாக. ஏற்கெனவே யூடிஎஃப்-8இல் இருந்ததை லத்தீன் (மேற்கு ஐரோப்பிய மொழிகளின் பழைய குறியாக்கம்) என்று எண்ணி மறுபடி மாற்றியிருக்கிறேன். தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். முதல் பைட்டை லத்தீனாகப் படித்தால் எப்போதும் அந்தக் கீற்று 'ஏ'தான் வரும். நகல் எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தேன். நீங்களும் மூல அஞ்சலை அப்படியே ஓரமாக வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

முதலில் பேஸ்64 அல்லது கோட்டட் பிரிண்டபிள் உறையை, அதாவது பைட்களைச் சாதாரண ஆங்கில எழுத்துகளாக மாற்றி அனுப்பும் முறையை, பிரிக்க வேண்டும். 1982இல் வகுத்த எஸ்எம்டிபி என்ற அஞ்சல் அனுப்பும் நெறி 7 பிட் எழுத்துகளை (ஆங்கில எழுத்து, எண், சாதாரணக் குறிகள்) மட்டுமே சுமக்கும் என்பதால் வந்த உறை அது. பிரித்தபின் கிடைப்பது வெறும் பைட்கள். தலைப்பகுதியில் உள்ள சார்செட் சீட்டு அவை என்ன குறியாக்கம் என்று சொல்லும். சொல்வது உண்மையா என்பது வேறு விஷயம்.

நான் இப்படிச் சோதிக்கிறேன். சீட்டில் ஐஎஸ்ஓ-2022-ஜேபி என்று இருந்தால் அதை நம்பிவிடுவேன். அந்த ஜப்பானியக் குறியாக்கம் முழுக்க 7 பிட். அடுத்து வரும் யூடிஎஃப்-8 சோதனையிலும் சத்தமில்லாமல் தேறிவிடும். மற்றவற்றை, தவறான பைட் வந்தால் பிழை காட்டும் கண்டிப்பான முறையில் யூடிஎஃப்-8ஆகப் படித்துப் பார்ப்பேன். 7 பிட்டைத் தாண்டிய எழுத்துகள் இருந்தும் பிழையில்லாமல் தேறினால், சீட்டு என்ன சொன்னாலும் அநேகமாக அது யூடிஎஃப்-8தான். தேறாதவற்றில் ஐஎஸ்ஓ-8859-1 (மேலே சொன்ன லத்தீன்) என்று இருந்தால், அதையே சற்று விரித்த விண்டோஸ்-1252ஆகப் படியுங்கள். வளைந்த மேற்கோள்குறிகள் தப்பிக்கும்.

தமிழில் தலைவலி டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கம். அந்தக் காலத்து அஞ்சல்கள் பலவற்றின் சீட்டில் லத்தீன் என்றோ 'பயனர் வகுத்தது' என்றோதான் இருக்கும். டிஸ்கி எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிப்பது. 'கெ' என்றால் கொம்பு முதலில், 'க' பின்னால். யூடிஎஃப்-8க்கு அடிப்படையான யூனிகோடு எழுத்துப் பட்டியலில் இது தலைகீழ். ஆகவே வெறும் அட்டவணை மாற்றம் போதாது, வரிசையையும் திருப்பும் மாற்றி வேண்டும். லினக்ஸில் வரும் ஐகான்வ் என்ற கட்டளை இதைச் செய்யும்.

மாற்றி முடித்ததும், ஒரே எழுத்து எங்கும் ஒரே விதமாக இருக்கும்படி யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்குச் சீராக்குங்கள். 'கொ'வில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், தேடினால் அகப்படாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நாள் போயிற்று.

அனுப்பும்போது சார்செட் யூடிஎஃப்-8 என்று சீட்டு ஒட்டுங்கள். தமிழ் அஞ்சலின் உடற்பகுதிக்குப் பேஸ்64தான் சிக்கனம்: ஒரு குறிக்கு 4 எழுத்து. கோட்டட் பிரிண்டபிளில் அதுவே 9.

தலைப்பு வரியில் கவனம் தேவை. அங்கே குறியாக்கிய துண்டு ஒவ்வொன்றும் 75 எழுத்துக்குள் அடங்க வேண்டும். சார்செட் பெயரும் வேலிக் குறிகளும் 12ஐ எடுத்துக்கொள்ள, பேஸ்64இல் ஒரு துண்டுக்கு 15 தமிழ்க் குறிகள்தான் தேறும். புள்ளியும் கொம்பும்கூடத் தனிக் குறியாகவே கணக்கு. நீளமானால் பல துண்டாக்கலாம், ஆனால் ஒரு குறியின் மூன்று பைட்டுக்கு நடுவே வெட்டக் கூடாது. கையால் எழுதிய நிரல்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்கும். பைத்தான் நிரல்மொழியின் ஈமெயில் தொகுப்பு போன்ற ஒன்றிடம் விட்டுவிடுங்கள். அப்புறம் நீண்ட தமிழ்த் தலைப்போடு உங்களுக்கே ஓர் அஞ்சல் அனுப்பி, இரண்டு வேறு செயலிகளில் திறந்து பாருங்கள்.