பக்கத்துத் தெருக் கிளை நூலகத்தில் சேருவது எப்படி? புறநகர்வாசிகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

தாம்பரம், பம்மல், ஆவடி, பூந்தமல்லி பக்கம் குடியிருப்பவர்கள் முதலில் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரியும் சேர்ந்திருக்கும். தமிழ்நாட்டில் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலகத்துக்காக வசூலிக்கப்படுகிறது. 1948-இல் அன்றைய சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் கொண்டுவந்த அந்தச் சட்டத்துக்குப் பின்னால், சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் பல வருட முயற்சி இருக்கிறது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அதுதான். உள்ளாட்சி வசூலிக்கும் அந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய், உங்கள் தெருப் பக்கத்துக் கிளை நூலகம் வரை வருகிறது. காசு ஏற்கெனவே கட்டியாயிற்று. போய்ப் பயன்படுத்துவதுதான் பாக்கி.

முதலில், நூலகம் எங்கே என்று கண்டுபிடியுங்கள்

அலைபேசி வரைபடத்தை மட்டும் நம்ப வேண்டாம். புறநகர்க் கிளை நூலகங்கள் பல, பழைய பஞ்சாயத்துக் கட்டடத்தின் மாடியிலோ, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலோ, பூங்காவின் ஓரத்திலோ இருக்கும். தெருவில் பல வருடமாகக் கடை வைத்திருப்பவரைக் கேட்டால் சட்டென்று வழி சொல்லிவிடுவார். கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று வகைகள் உண்டு. எந்த வகை என்பதைப் பொறுத்துத் திறந்திருக்கும் நேரம் மாறும். வாசலில் இருக்கும் பலகையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் என்பது வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரிய வசதி.

முதல் நாள் சும்மா போய் உட்காருங்கள்

உள்ளே போய்ப் படிக்க உறுப்பினர் அட்டை வேண்டாம், பணமும் வேண்டாம். வாசலில் இருக்கும் வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இதை மட்டும் தவறவிடாதீர்கள். ஒரு நாளில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை புத்தகம் எடுத்தார்கள் என்பதற்கு அந்தப் பதிவேடுகள்தான் சாட்சி. கூடுதல் நாற்காலி வேண்டும், புதுக் கட்டடம் வேண்டும் என்று நாளைக்கு யாராவது மனு எழுதினால், காட்டுவதற்கு அந்தக் கையெழுத்துகள் இருக்க வேண்டும்.

நாளிதழ், வார இதழ் புரட்டுங்கள். எந்த அலமாரியில் நாவல், எதில் வரலாறு, எதில் சிறுவர் நூல் என்று ஒரு சுற்றுப் பாருங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஒரு மேஜையில் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் தனியறை இல்லாதவர்களுக்கு அந்த மேஜை எவ்வளவு பெரிய உதவி என்று பார்த்தாலே புரியும். நூலக வரி எதற்கு என்று கேட்பவர்களை நான் அங்கேதான் கூட்டிப்போவேன்.

அப்புறம் உறுப்பினர் ஆகுங்கள்

புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகத்தான் உறுப்பினர் அட்டை. நூலகரிடம் விண்ணப்பப் படிவம் கேளுங்கள். ஆதார், குடும்ப அட்டை போன்ற முகவரிச் சான்றின் நகலும் புகைப்படமும் கையில் இருக்கட்டும். காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் மிகச் சிறிய தொகைதான். கட்டியதும் ரசீது வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் வரும். ஆதாரில் சொந்த ஊர் முகவரி இருக்கும். அதனால் சேர முடியாது என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். நூலகரிடம் நேராகச் சொல்லி, வேறு எந்தச் சான்று செல்லும், உள்ளூரில் யாராவது பிணைக் கையொப்பம் போட்டால் போதுமா என்று கேளுங்கள். வீட்டு உரிமையாளரோ, தெரிந்த ஆசிரியரோ கையெழுத்துப் போட்டுத் தருவார்கள்.

புத்தகம் எடுப்பதும் திருப்புவதும்

எடுக்கும்போது பின்பக்கச் சீட்டில் தேதி குறித்துத் தருவார்கள். வழக்கமான தவணை 15 நாள். படித்து முடியவில்லையா? தேதி தாண்டுவதற்குள் புத்தகத்தோடு போய்ப் புதுப்பித்துக்கொள்ளலாம். கிழிந்த பக்கம் இருந்தால் எடுக்கும்போதே காட்டிவிடுங்கள்.

தேடிய புத்தகம் இல்லையென்றால்

பேசாமல் திரும்பி வராதீர்கள். நூல் பெயர், ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி நூலகரிடம் கொடுங்கள். பல கிளைகளில் வாசகர் வட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்து கேட்டால் குரல் இன்னும் எடுபடும். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அந்தச் சமயத்தில் பிள்ளைகளுக்குப் போட்டி, கூட்டம் எல்லாம் நடக்கும், பிள்ளைகளை முதல்முறை கூட்டிப்போக நல்ல நேரம். வசதி உள்ளவர்கள் 1,000 ரூபாய் நன்கொடை கட்டி நூலகப் புரவலராகவும் சேரலாம். பிறந்த நாளுக்கு அப்படிச் சேருபவர்கள் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் அது.

வேறு ஊருக்கு வீடு மாறும்போது கையிலிருக்கும் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்து, அட்டையையும் ரசீதையும் காட்டினால் காப்புத்தொகையைத் திரும்பக் கேட்கலாம். புது வீட்டுக்குப் பக்கத்துக் கிளையில் புது விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.