ஆட்டிசக் குழந்தைக்குப் பள்ளி தேடும்போது செய்யக் கூடாதவை

ஏப்ரல் பிறந்தால் சென்னையின் தெரபி சென்டர்களில் ஒரே பேச்சுதான்: "எந்த ஸ்கூல்ல எடுத்துக்கறாங்க?" சிறப்பாசிரியராக இதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. முன்பு நாங்களும் பெற்றோரும் சேர்ந்து சறுக்கிய அதே இடங்களில்தான் இன்று புதிதாக வருகிறவர்களும் சறுக்குகிறார்கள். பதற்றப்படாதீர்கள், நாலு பள்ளிகளைப் பாருங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பேச்சு வந்த பிறகு சேர்க்கலாம் என்று காத்திருப்பது

காத்திருக்காதீர்கள்.

நேர்காணலுக்குக் குழந்தையைத் தயார் செய்வது

சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ நேர்காணல் வைத்து வடிகட்டக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். (சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.) ஏ ஃபார் ஆப்பிள் ஒப்பிக்க வைக்கும் நேரத்தில், பாத்ரூம் போக வேண்டும் என்பதைப் பட அட்டையைக் காட்டியாவது சொல்லப் பழக்குங்கள். முதல் நாளே தேவைப்படுவது அதுதான்.

"ஒரு ஆளைப் போட்டுடுங்க" என்பதற்குத் தலையாட்டுவது

இன்றும் எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். தலைமையாசிரியை அன்பாகவே சொல்வார்: "எடுத்துக்கறோம்மா. கூட உக்காந்து பார்த்துக்க நீங்களே ஒரு ஆளைப் போட்டுடுங்க." சீட் கிடைத்த நிம்மதியில் அம்மாவுக்குக் கண் கலங்கிவிடும். பள்ளிக் கட்டணத்தோடு ஷேடோ டீச்சர் சம்பளமும் அன்றிலிருந்து வீட்டுச் செலவில் சேரும்.

பணம் போவதைவிடப் பெரிய நஷ்டம் வகுப்பறைக்குள் நடக்கிறது. வகுப்பாசிரியர் அந்தக் குழந்தையிடம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவார். எது சொல்வதானாலும் ஷேடோவிடம் சொல்வார். நடுவில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பதால் பக்கத்துப் பிள்ளைகளும் அவனிடம் பேசமாட்டார்கள். அந்த ஷேடோவுக்கோ பெரும்பாலும் பயிற்சியே இருக்காது. குழந்தை கத்தாமல், எழுந்து ஓடாமல் இருந்தால் அன்றைய வேலை முடிந்தது.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் நோட்டை அவன் அம்மா பெருமையோடு கொண்டுவந்து காட்டினார். முத்து முத்தான எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் ஸ்டார். பென்சிலை அவனிடம் கொடுத்து, பெயரை எழுதச் சொன்னேன். பென்சிலைப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை என் பக்கம் நீட்டிவிட்டுக் காத்திருந்தான். யாராவது கையைப் பிடித்து எழுதவைத்தால்தான் எழுத்து வரும் என்று அவனுக்குப் பழகியிருந்தது. அதைப் பார்த்த அம்மாவின் முகத்தை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

இது எட்டாம் வகுப்புவரை ஓடும். அதுவரை குழந்தையை வெளியேற்றச் சட்டம் விடாது. ஒன்பதில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் கணக்கு தொடங்கும், பள்ளியிலிருந்து போன் வரும்: "டிசி வாங்கிக்கோங்க." இத்தனை வருடம் யாரும் எதையும் சொல்லித்தரவில்லை என்பது அன்றைக்குத்தான் வீட்டுக்கு உறைக்கும்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொண்டு, குழந்தைக்குத் தேவையான உதவியையும் தர வேண்டும். ஆகவே கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். இவனுக்கான தனிக் கல்வித் திட்டத்தை எழுதப்போவது யார்? இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவுபெற்ற சிறப்பாசிரியர் இருக்கிறாரா? ஷேடோ வந்தே ஆக வேண்டுமானால், எப்போது, எந்தப் பாடத்தில் அவர் விலகி உட்காருவார்? உங்கள் பள்ளியில் ஒன்பதிலும் பத்திலும் ஆட்டிசக் குழந்தைகள் படிக்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள்.

ஆட்டிசம் என்பதை மறைத்துச் சேர்ப்பது

இரண்டே வாரத்தில் தெரிந்துவிடும். அப்புறம் பள்ளி எதையும் உங்களிடம் நம்பிச் சொல்லாது.

சிறப்புப் பள்ளியைத் தண்டனையாக நினைப்பது

சத்தம் தாங்காமல் நாள் முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டிருக்கும் குழந்தைக்குப் பெரிய வகுப்பறைதான் தண்டனை. 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு சான்றளிக்கப்பட்டிருந்தால், 6 வயது முதல் 18 வயதுவரை அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க அதே 2016 சட்டம் உரிமை தருகிறது. உறவுக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

சான்றிதழைத் தள்ளிப்போடுவது

"முத்திரை குத்திடுவாங்க" என்று யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கே விண்ணப்பிக்காத குடும்பங்கள் நிறைய. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு என்று எந்தச் சலுகை கேட்டாலும் முதலில் கேட்பது சான்றிதழைத்தான். தினமும் பள்ளிக்குப் போகாமல் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத, தேசியத் திறந்தநிலைப் பள்ளி (என்ஐஓஎஸ்) வழியும் இருக்கிறது: ஐந்து பாடங்கள், ஐந்து வருடங்களுக்குள் ஒன்பது வாய்ப்புகள். மாநிலப் பாடத்திட்டமோ சிபிஎஸ்இயோ, சலுகைக்கான விண்ணப்பம் பள்ளி மூலமாகத்தான் போகும். ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள்.