ஜிம் ஃப்ரான்சைஸ் எடுக்குறவங்க இன்ஷூரன்ஸ் எப்படி போடணும்

கும்பகோணம், மாயவரம், திருவாரூர்னு எல்லா ஊர்லயும் இப்ப பிராண்டு போர்டு போட்ட ஜிம் வருது. மன்னார்குடில நான் ஒண்ணு நடத்துறதால புதுசா எடுக்குற தம்பிங்க நிறைய பேர் போன் பண்ணுவாங்க, எந்த ட்ரெட்மில் நல்லாருக்கும்னு கேப்பாங்களே தவிர இன்ஷூரன்ஸ் பத்தி ஒருத்தரும் கேக்கமாட்டாங்க.

மொதல்ல ஃப்ரான்சைஸ் அக்ரிமெண்ட்ல இன்ஷூரன்ஸ், இண்டெம்னிட்டி இந்த ரெண்டு ஷரத்தையும் கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே படிங்க. என்னென்ன பாலிசி, எவ்வளவு தொகைக்கு, பிராண்டு கம்பெனி பேரையும் பாலிசில சேக்கணுமான்னு பாருங்க. இண்டெம்னிட்டின்னா, உங்க ஜிம்ல ஒருத்தர் அடிபட்டு பிராண்டையும் சேத்து கேஸ் போட்டா அவங்களுக்கு ஆகுற செலவையும் நீங்கதான் தாங்கணும்னு அர்த்தம். அந்த பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து ஏஜெண்ட் கையில குடுத்துடுங்க, இல்லன்னா அவரு மளிகைக்கடைக்கு போடுற பாலிசியவே உங்களுக்கும் போட்டுடுவாரு.

மெஷின், இண்டீரியர் எல்லாம் சேத்து 5 கோடிக்குள்ளன்னா சின்ன தொழிலுக்குன்னு இருக்குற பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி போதும், 2021 ஏப்ரல்லேருந்து எல்லா இன்ஷூரன்ஸ் கம்பெனியும் குடுக்குறாங்க. தீ, புயல், வெள்ளம் மூணும் அதுல வந்துடும், நம்ம டெல்டாவுக்கு அது ரொம்ப முக்கியம். ஆனா ப்ரீமியம் குறையும்னு தொகைய பாதியா போடாதீங்க. 40 லட்ச ரூபா சாமான 20 லட்சம்னு காட்டிட்டு 10 லட்சம் நஷ்டமானா உங்களுக்கு 5 லட்சம்தான் வரும். 15 சதவீதம் வரைக்கும் குறைஞ்சா பரவால்ல, அதுக்கு மேல குறைஞ்சா வெட்டிடுவாங்க. இன்னைக்கு அதே மெஷின் புதுசா வாங்க என்ன ஆகுமோ அந்த தொகைய போடுங்க. ட்ரெட்மில் மோட்டார் அதுவா ஷார்ட் ஆகி கருகினா இதுல வராது, அதுக்கு மெஷினரி ப்ரேக்டவுன் தனி, திருட்டுக்கு பர்க்லரி தனி.

அட்ரஸ். இத நான் பட்டு தெரிஞ்சுகிட்டேன். 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் அடிச்சப்ப மாடில போட்டிருந்த ஷீட்டெல்லாம் பறந்து மெஷின் பூரா நனைஞ்சுபோச்சு, ஆனா பாலிசில பழைய தெரு அட்ரஸ் இருந்துச்சு, ஜிம்ம மாத்தி எட்டு மாசம் ஆகியும் நான் எண்டார்ஸ்மெண்ட் (பாலிசில மாத்தி எழுதிக்குடுக்குற பேப்பர்) வாங்கல, க்ளெய்ம் ரிஜெக்ட் ஆயிடுச்சு, அந்த கடன அடைக்க மூணு வருஷம் ஆச்சு. இடம் மாறினாலோ மாடில ஷீட் போட்டாலோ உடனே எழுதிக்குடுத்து பாலிசில ஏத்துங்க.

மெம்பர் அடிபட்டா பப்ளிக் லயபிலிட்டி பாலிசிதான் கைகுடுக்கும். ஏஜெண்ட் சில பேர் 1991 பப்ளிக் லயபிலிட்டி சட்டப்படி உள்ள பாலிசிய நீட்டுவாங்க, அது ஆபத்தான கெமிக்கல் வச்சிருக்குற இடத்துக்கு, நமக்கு வேணாம். ஒரு விபத்துக்கு எவ்வளவு, வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவுன்னு ரெண்டு லிமிட் இருக்கும், ரெண்டையும் அக்ரிமெண்ட்டோட ஒத்துப்பாருங்க. சேரும்போது மெம்பர்கிட்ட கையெழுத்து வாங்குற ஃபார்ம் இருக்குன்னு தைரியமா இருக்காதீங்க, மெஷின் கேபிள் அறுந்தது உங்க பராமரிப்பு குறைன்னா நுகர்வோர் கோர்ட்ல அந்த பேப்பர் உங்கள காப்பாத்தாது. ட்ரெய்னர் தப்பா சொல்லிக்குடுத்து முதுகு புடிச்சா அது ப்ரொஃபெஷனல் இண்டெம்னிட்டின்னு தொழில்ல பண்ற தப்புக்கு போடுற தனி பாலிசில வரும். கமிஷனுக்கு வர்ற ட்ரெய்னரும் அதுல அடங்குறாரான்னு எழுத்துல வாங்கிக்குங்க.

ஸ்டாஃப் 10 பேர் ஆயிட்டா ஈஎஸ்ஐ (அரசோட தொழிலாளர் காப்பீடு) கட்டாயம். சம்பளம் மாசம் 21,000 வரை உள்ளவங்களுக்கு நீங்க 3.25, அவங்க 0.75 சதவீதம், அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள்ள கட்டணும். கூட்டிப்பெருக்குற அக்காவையும் கணக்குல சேருங்க. 10 பேர் இல்லன்னா வேலைல அடிபட்டா நஷ்டஈடு குடுக்குற எம்ப்ளாயீஸ் காம்பன்சேஷன் பாலிசி போட்டுடுங்க, வெயிட் பிளேட் கால்ல விழுந்தா அந்த பையனுக்கு அதுதான் கைகுடுக்கும்.

ப்ரீமியம் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைக்கு போய் சேராத வரைக்கும் கவர் கிடையாது, செக் திரும்பினா பாலிசியும் போச்சு. ரினியூவல செப்டம்பர்லயே முடிச்சுட்டு, ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒவ்வொரு மெஷினையும் சீரியல் நம்பர் தெரியுற மாதிரி போட்டோ எடுத்து பில்லோட சேத்து மெயில்ல போட்டு வச்சுடுங்க, நஷ்டத்த மதிப்பு போட சர்வேயர் வந்தா மொத கேக்குறது அதத்தான்.