சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களுக்கு: கொம்பு பத்திரம்

எங்கள் ஆயா பாடிய தாலாட்டு, கும்மி, நலுங்குப் பாட்டுகளைத் திரட்டி, போன வருஷம் 120 பக்கத்தில் ஒரு புத்தகம் போட்டேன். பேர் ‘செங்கரும்புத் தாலாட்டு’. தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து மவுண்ட் எட்ஜ்கம்ப் கரும்புத் தோட்டத்துக் குடும்பம் எங்களுடையது. வேறு பேர் தோன்றவில்லை. அதிலிருந்து சாட்ஸ்வொர்த், டோங்காட் பக்கமிருந்து யாராவது ஒருவர் “எப்படிப் போட்டீங்க?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

1. கோப்பு

தட்டச்சு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் முதலில் யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துமுறை) மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஒரு தடவை முழுக்கப் படித்தே ஆகவேண்டும். கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, அடிக்கடி சேமியுங்கள்.

2. பக்க அமைப்பு

மென்பொருளில் நான் லிப்ரே ஆபிஸ் ரைட்டர் கட்சி. காசு கிடையாது, தமிழை ஒழுங்காகக் காட்டும். பக்கம் அமைக்கும் இன்டிசைன் மென்பொருள்தான் வேண்டும் என்பவர்கள் பாரா அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ தேர்ந்தெடுத்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்துகள் சிதறும்.

தாள் ஏ5. எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ், அளவு 11 பாயின்ட், வரிக்கு வரி இடைவெளி 16 பாயின்ட். இரண்டு ஓரமும் நேராக நிற்கவேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். தமிழில் சொல் நீளம். சின்னப் பக்கத்தில் வரியை இழுத்து நிரப்பினால் நடுநடுவே ஓட்டை விழும். இடப்பக்கம் மட்டும் நேராக இருந்தால் போதும்.

இன்னொன்று. இங்கே நம் பிள்ளைகளுக்குப் பாட்டு வாயில் வரும், எழுத்து வராது. அதனால் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் அதே பாட்டு ஆங்கில எழுத்தில். புத்தகம் விற்றதே அந்த வலப்பக்கத்தால்தான்.

3. ஐ.எஸ்.பி.என்.

புத்தகத்துக்கான இந்த அடையாள எண்ணைப் பிரிட்டோரியாவில் உள்ள தேசிய நூலகம் இலவசமாகவே தருகிறது. படிவத்தை நிரப்பி மின்னஞ்சல் அனுப்பினால் போதும். “நாங்கள் வாங்கித் தருகிறோம்” என்று காசு கேட்பவர்களிடம் போகாதீர்கள். மின்நூலும் போடுவதாக இருந்தால் அதற்குத் தனி எண் வேண்டும்.

4. அட்டை (இங்கேதான் வழுக்கினேன்)

உள்பக்கங்களை பி.டி.எஃப். ஆக்கி, எழுத்துருவையும் உள்ளே பொதித்துக் கொடுத்தேன். ஒரு குறையும் வரவில்லை. அட்டையை மட்டும் அச்சகத்துப் பையனே வடிவமைத்துத் தருவதாகச் சொன்னான். தலைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவன் அதை அப்படியே எடுத்துத் தன் மென்பொருளில் ஒட்டிவிட்டான். அவனுக்குத் தமிழ் தெரியாது, கோடும் சுழியும் அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். அவன் அனுப்பிய படத்தைப் போனில் பார்த்து நானும் ‘ஓகே’ போட்டேன். தப்பு என்னுடையதுதான்.

150 பிரதி வந்து இறங்கியது. பெட்டியைப் பிரித்ததும் எங்கள் பெரியம்மா அட்டையைத் தள்ளிப் பிடித்து, “என்னடா இது, சஙெ... சஙெ...” என்று எழுத்துக்கூட்டினார். ‘செ’யின் ஒற்றைக்கொம்பு ‘ச’வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ‘ங’வின் தோளில் சாய்ந்திருந்தது. புள்ளி தனியாக அந்தரத்தில். 150 அட்டையும் அப்படியே.

காரணம் இதுதான்: கணினி ‘ச’வை முதலிலும் கொம்பை அடுத்தும் சேமிக்கிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. அது தெரியாத மென்பொருள் சேமித்த வரிசையிலேயே அடித்துவிடும்.

அதனால் அச்சகத்துக்குத் தமிழை எழுத்தாகக் கொடுக்காதீர்கள், படமாகக் கொடுங்கள். இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தலைப்பை அடித்து, ‘பாத்’ பட்டியலில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ அழுத்துங்கள். எழுத்து வெறும் கோட்டு வடிவமாகிவிடும். பிறகு யார் எதில் திறந்தாலும் கொம்பு நகராது. பிழை திருத்த முடியாமல் போகும் என்பதால் மூலக்கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரே ஒரு பிரதி அடித்துத் தரச்சொல்லி, தமிழ் படிக்கத் தெரிந்த வயதானவர் ஒருவர் கையில் கொடுங்கள். போன் திரையை நம்பாதீர்கள்.

5. வெளியான பிறகு

சட்டப்படி ஐந்து நூலகங்களுக்கு ஆளுக்கொரு பிரதி போகவேண்டும், 14 நாளுக்குள். பிரிட்டோரியா, கேப்டவுன் தேசிய நூலகங்கள், நாடாளுமன்ற நூலகம், புளூம்ஃபான்டெய்ன் நூலகம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் ம்சுன்டூசி நூலகம். கடைசி இடத்துக்கு நானே காரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பின்சேர்க்கை: புத்தக முதுகின் அகலம் எப்படிக் கணக்குப் போடுவது என்று எங்கள் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒரு அக்கா கேட்டார். பக்கத்தை இரண்டால் வகுத்துத் தாளின் கனத்தால் பெருக்குங்கள். 80 கிராம் தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ.; 120 பக்கம் என்றால் 60 தாள், 6 மி.மீ. அந்த அகலத்தில் தமிழ்த் தலைப்பு நெரிசலாகத்தான் நிற்கும். நான் முதுகை வெறுமனே விட்டுவிட்டேன்.

இன்னொரு பின்சேர்க்கை: அமேசானில் தமிழ் மின்நூல் ஏற்றலாம், ஆனால் அவர்களுடைய அச்சுப் புத்தகச் சேவையில் தமிழ் கிடையாது. இரண்டு பேர் முழு அட்டையும் தயார் செய்துவிட்டுத்தான் இதைக் கண்டுபிடித்தார்களாம்.